கூடையிலிருந்த பச்சை முட்டைகள்

அன்புள்ள சிட்டு,

இங்கே நானும் அப்பாவும் நலம், கோழிகளும் நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு அந்தக் குளிரில் இருமாமல் இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இதை எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் திடீரென்று எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்தது எனக்கு மாறிவிடுகிறது சிட்டு, எத்தனையோ தடவை ஆரம்பித்து, மழை பெய்ததா துணி காய்ந்ததா என்று எங்கேயோ போய் முடித்துவிட்டேன். அதனால்தான் தாளில் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பப் போகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதக் கடைசிக்குள் வேலையை இன்னொரு வருடத்துக்கு நீட்டிப்பதா வேண்டாமா என்று உன் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும் என்றாய், வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன், வந்து நம் கோழிகளை வைத்தே பிழைத்துக்கொள்வேன் என்றாய். இதைக் கடைசிவரை படிக்காமல் அவர்களிடம் வாயைத் திறந்துவிடாதே.

அப்பாவுக்கு இடது முட்டி மறுபடி வீங்கியிருக்கிறது. மாடி வீடுகளுக்கு ரிப்பேருக்குப் போகாதீர்கள் என்றால் கேட்பதில்லை, ஃப்ரிட்ஜ் தானா படியிறங்கி வருமா என்கிறார். முட்டியில கேஸ் தீந்துபோச்சு, ரீஃபில் பண்ணணும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் தானே சிரித்துக்கொள்கிறார், ஆனால் கட்டிலிலிருந்து எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிப்பதை நான் பார்க்கிறேன். நீ ஒரு வார்த்தை சொல், உனக்காக டாக்டரிடம் போவார். எனக்குக் கண் ஆஸ்பத்திரியில் இடம் மாற்றியிருக்கிறார்கள், சீட்டு எழுதுகிற மேஜையிலிருந்து சொட்டு மருந்து போடுகிற அறைக்கு. மருந்து போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணை மூடியிருக்கிறவர்கள் என்னென்னவோ பேசிவிடுகிறார்கள். எதிரே இருக்கிறவரின் முகம் தெரியாததால் இருக்கும். போன வாரம் ஒருவர், தம்பி ஆசையாக வளர்த்த மாமரத்தை வீட்டில் வெளிச்சம் வரவில்லை என்று வெட்டிவிட்டு, பூச்சி அரித்துவிட்டது என்று தம்பியிடம் சொன்னாராம், அதை முன்பின் தெரியாத என்னிடம் சொல்கிறார். தம்பி நம்பிட்டான்மா, அதுதான் தாங்கல என்றார். நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டேன்.

சுற்றி வளைத்தது போதும். நான் உனக்கு ஒரு படம் அனுப்பினேனே, பிரம்புக் கூடை நிறையப் பாசிப்பச்சை முட்டைகள், அதில் ஒன்றுகூடப் புதுப் பெட்டைகள் இட்டதில்லை. எல்லாம் நம் பழைய கிழவிகள் டீச்சரும் வாயாடியும் இட்டவை, பல நாளாகச் சேர்த்து வைத்தவை. புதுப் பெட்டைகள் அத்தனையும் பழுப்பு முட்டைதான் இடுகின்றன. நல்ல முட்டை, பெரிய முட்டை, ஆனால் பழுப்பு. இதில் கோழிகளின் பிழை எதுவும் இல்லை.

நீ கிளம்பின அன்று காலையில் பெட்டியெல்லாம் வாசலுக்குப் போன பிறகும் என்னைக் கையைப் பிடித்துக் கூண்டுக்கு இழுத்துக்கொண்டு போனாய். டீச்சருக்குப் பிறந்த இரண்டு சேவல் குஞ்சுகள், அப்போதுதான் கழுத்தில் முடி மினுங்க ஆரம்பித்திருந்தது. ஒன்றுக்கு ரம்பம் மாதிரி நிமிர்ந்த சிவப்புக் கொண்டை. இன்னொன்றுக்குத் தலையோடு ஒட்டின, பட்டாணிகளை வரிசையாக அழுத்தி வைத்தது போன்ற குட்டிக் கொண்டை. எந்தக் காலத்திலாவது ஒரு சேவலைக் கொடுக்க வேண்டி வந்தால் நிமிர்ந்த கொண்டைக்காரனைக் கொடு, ஒட்டின கொண்டைக்காரனை எது வந்தாலும் விடாதே என்றாய். சேவல் முட்டை போடாது, அதனால அதுக்குள்ள என்ன நிறம் இருக்குன்னு யாருக்கும் தெரியாது, நம்ம வம்சத்துல அந்தக் கொண்டையும் முட்டை ஓட்டு நீலமும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு வரும், கொண்டையைப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்மா, அழகைப் பாத்து இல்ல என்றாய். நான் பட்டம் வாங்கினவள், எனக்குப் புரியாமல் இல்லை. அவன் உள்ளே நீலத்தை வைத்திருக்கிறான், அவனோடு கரும்பழுப்பு முட்டை இடுகிற அந்த நாலு பெட்டைகளைச் சேர்த்தால், நீலத்தின் மேல் பழுப்பு ஏறி, பிறக்கிற பெட்டை ஒவ்வொன்றும் பாசிப்பச்சை முட்டை இடும், அந்த முட்டைக்கும் குஞ்சுக்கும் நல்ல விலை கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆரம்பித்து, பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில்கூடக் கூண்டே கதியாகக் கிடந்து, எந்தக் குஞ்சு எந்தத் தாயுடையது என்று காலில் வண்ண நூல் கட்டி, நீ அந்தச் சேவலுக்காகத்தான் அத்தனை வருடம் காத்திருந்தாய். அதுவும் எனக்குத் தெரியும்.

நீ போன பிறகு வீடு எப்படி இருந்தது என்று உன்னிடம் நான் சொன்னதில்லை. காலையில் டிபன் பாக்ஸ் மூன்று கழுவி வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பேன். அப்பா வேலைக்குப் போய்விடுவார். எனக்கு மதிய ஷிஃப்ட் உள்ள நாட்களில் முற்பகல் முழுக்க நான் மட்டும்தான். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து காய் நறுக்கினால் அந்த நிமிர்ந்த கொண்டைக்காரன் வந்து என் பக்கத்தில் படியேறி உட்காருவான். தோலைப் போட்டால் பாய்ந்து கொத்த மாட்டான், கழுத்தைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாக எடுப்பான், பெண் பார்க்க வந்த வீட்டில் பலகாரத்தைத் தொடுகிற மாதிரி. அதனால்தான் அவனுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தேன். அவனோடு பேசுவேன் சிட்டு, உன்னைப் பற்றியெல்லாம் பேசுவேன். இன்னொருவனைப் பற்றி உனக்கே தெரியும், நான் கூண்டைத் திறந்தாலே கழுத்து முடியைச் சிலிர்த்துக்கொண்டு வருவான். தீவனம் வைக்கப் போன என் கணுக்காலில் ஒரு நாள் கால் முள்ளால் கிழித்தே விட்டான், செருப்பெல்லாம் ரத்தம். அவன் பேர் முரடன்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு நர்ஸ் வந்தாள். அவளுக்கு இரவுப் பணி, காலையில் வந்து தூங்கினால்தான் உண்டு. கோபமாகக்கூட வரவில்லை, கண்ணெல்லாம் சிவந்து, அக்கா, ஒரு சேவல்னா தலகாணிய காதுல வச்சுப் படுத்துருவேன், இதுங்க ரெண்டும் வக்கீல் மாதிரி மாத்தி மாத்திப் பேசுதுங்க, தீர்ப்பும் வரமாட்டேங்குது என்றாள். எனக்கே பாவமாக இருந்தது. ஒன்றை அனுப்பிவிடுகிறேன் என்றேன். சொன்னவுடனே எதை அனுப்பப் போகிறேன் என்றும் எனக்குத் தெரிந்துவிட்டது. யோசித்த மாதிரி ஒரு நாள் தள்ளிப் போட்டேன், அவ்வளவுதான். நீ சொன்னது ஞாபகம் இல்லாமல் செய்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். கொண்டையாவது நிறமாவது, ரெண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தானே, இதிலும் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் என்னிடம் வருகிறவனை வைத்துக்கொண்டேன், வராதவனை அனுப்பிவிட்டேன். பெரிய சாலையில் டயர் கடை இருக்கிறதே, அந்தக் கடைக்காரர் வந்தார், சாக்குப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். வளர்க்கவா சமைக்கவா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் சாலை வழியாக நான் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். அப்பா கேட்டதற்கு நடந்தால் உடம்புக்கு நல்லது என்றேன்.

ஒரு சேவலைக் கொடுத்துவிட்டேன் என்றதும் நீ அந்த வாரம் போனில் கேட்டாய், கொண்டையைப் பாத்துத்தானேம்மா குடுத்தே என்று. ஆமாம் பார்த்துத்தான் கொடுத்தேன் என்றேன். பார்க்கத்தானே செய்தேன். அப்புறம் நீ சேவலைப் படம் எடுத்து அனுப்பு என்றபோதெல்லாம் அவன் தீவனத் தட்டில் தலையை விட்டிருக்கும்போதுதான் எடுத்தேன். வாலை மட்டும் விதவிதமாக அனுப்பியிருக்கிறேன். உன் சேவலுக்கு ஏம்மா எப்பவும் பசி என்று நீ சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேன் பார், அதை இப்போது நினைத்தால் வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

அடை வைத்ததெல்லாம் நீ சொன்னபடியே செய்தேன். கரும்பழுப்பு முட்டைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, இருட்டு அறையில் டார்ச் அடித்து உள்ளே நரம்பு ஓடுகிறதா என்று பார்த்து, வாயாடி அடைக்கு உட்கார்ந்தபோது அவள் வயிற்றுக்குக் கீழே வைத்தேன். குஞ்சுகள் வெளியே வந்தபோது உன்னை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன், நீ பஸ்ஸில் இருந்தாய், பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் போனைக் காட்டினாய். சில வாரத்தில் கொண்டை முளைக்க ஆரம்பித்தது. நான் தினமும் காலையில் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பேன். ஒன்றுக்காவது ஒட்டின கொண்டையாக வந்துவிடாதா என்று பார்ப்பேன். அத்தனைக்கும் ரம்பம். சின்னச் சின்ன ரம்பம், அப்பன் மாதிரியே அழகாக. அன்றே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அந்தப் பருவத்திலேயே வேறு ஏதாவது செய்திருக்கலாம். முதல் முட்டை வரட்டும், கொண்டையும் நிறமும் எப்போதாவது பிரிந்துகூட வரும் என்று நீயே ஒரு தடவை சொன்னாயே, பார்க்கலாம் என்று தள்ளினேன். முதல் முட்டை பழுப்பு. அடுத்த பெட்டையைப் பார்க்கலாம் என்றேன். அதுவும் பழுப்பு. அப்பா ஒன்றை எடுத்து ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, உள்ள எல்லாம் ஒரே மஞ்சள்தான், ஓட்டையா தின்னப்போறோம் என்றார். அவர் என்னைத் தேற்றச் சொன்னார் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு நான் தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அப்புறம்தான் கூடை. புதுப் பெட்டைகள் முட்டை போட ஆரம்பித்துவிட்டனவா என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். டீச்சரும் வாயாடியும் இந்த வயதில் எப்போதாவது ஒன்று இடுவார்கள், அதைத் தின்னாமல் விற்காமல் ஃப்ரிட்ஜுக்குள் சேர்த்தேன். கூடை நிறைகிற அளவு சேர்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதவில்லை, ஆகவே பொய் சொல்லவில்லை என்று அப்போது நினைத்தேன், இவ்வளவு படித்து இதற்குத்தான் உதவியிருக்கிறது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும்போது நீ பல்லைக் கடிப்பாய். அந்தக் கிழவிகளின் முட்டைகளை அடை வைத்திருந்தால் மாப்பிள்ளை அப்பனாக இருந்தாலும் பாதிக்குப் பாதியாவது பச்சை முட்டைப் பெட்டைகள் கிடைத்திருக்கும், தாய்ப்பக்கம் நீலம் இருக்கிறதே. நம் கையில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதை நான் படம் எடுப்பதற்காக ஃப்ரிட்ஜில் வைத்துக் கெடுத்தேன். கூடை நிறைந்த பிறகு டீச்சர் முட்டையை நிறுத்திவிட்டாள். வாயாடியும் நிறுத்திவிட்டாள்.

படம் போன அன்று நீ அனுப்பின குரல் பதிவை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. உன் குளிர்பதனக் கிடங்கில் இருந்து பேசியிருக்கிறாய், பின்னால் தள்ளுவண்டிச் சத்தம். அம்மா, எல்லாம் பச்சையாம்மா, எல்லாமேவா, அம்மா, நான் வந்துடுறேம்மா, இங்க குளிர்பெட்டி எண்ணிக்கிட்டு இருந்தது போதும்மா என்று. சிரிக்கிறாயா அழுகிறாயா என்று தெரியாத குரல். அந்த மேற்பார்வையாளர் உன்னைப் படுத்துகிற பாட்டை நீ மறைத்து மறைத்துச் சொல்லியும் எனக்குத் தெரியும். அதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்திருக்க வேண்டும்? உடனே கூப்பிட்டு, இல்லை சிட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, உன் அறையைத் திறந்து மெத்தையை வெயிலில் போட்டேன். ஜன்னல் கம்பியைத் துடைத்தேன். தலையணைக்குப் புது உறை வாங்கி வந்தேன். பயத்தில் வாய் திறக்கவில்லை என்று நீ நினைக்கலாம், பயமும் இருந்தது, ஆனால் அது பெரிய காரணமில்லை. உண்மையைச் சொன்னால் நீ வரமாட்டாய். சொல்லாவிட்டால் வந்துவிடுவாய். வந்த பிறகு தெரிந்தால் தெரியட்டும், நாலு நாள் பேசாமல் இருப்பாய், அப்புறம் இருந்துவிடுவாய், எப்படியோ வீட்டுக்கு வந்துவிட்டாளே என்று இருக்கலாம், இப்படித்தான் என் புத்தி போயிற்று. பெற்ற பிள்ளையை இல்லாத முட்டையைக் காட்டிக் கூப்பிட்டிருக்கிறேன். மெத்தையை உள்ளே எடுத்துப் போடும்போது இது உறைத்தது. கட்டிலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் அந்தப் பெரிய சாலை வழியாகப் போனேன். டயர் கடைக்கு முன்னால் போய் நின்றால், கடைக்காரர் இல்லை, அவர் மனைவி இருந்தாள். எப்படிக் கேட்பது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோதே பின்பக்கத்திலிருந்து கூவல் வந்தது. பின்பக்கம் ஓடினேன். பழைய டயர்களைக் கோபுரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதன் உச்சியில் நிற்கிறான் முரடன், மார்பு இரண்டு மடங்காகியிருக்கிறது, தலையில் அதே ஒட்டின குட்டிக் கொண்டை. என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தான், வரவேற்க இல்லை, கொத்த. அந்த அம்மா துடைப்பத்தைக் குறுக்கே போட்டாள். அவர்கள் அவனுக்கு வாட்ச்மேன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். இவன் வந்ததுல இருந்து ஒரு டயர் காணாமப் போகலக்கா, நாயி சோறு கேக்கும், இவன் அதுவும் கேக்கறதில்ல என்றாள். கொழம்பு வைக்கலாம்னுதான் எங்க வீட்டுக்காரர் கொண்டுவந்தாரு, இவன் அவரையே தொரத்திட்டான், தொரத்துறவன எப்படி அடிச்சுத் திங்கிறதுன்னு விட்டுட்டோம் என்றாள். நான் விஷயத்தைச் சொல்லித் திருப்பித் தருகிறீர்களா என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. குடுத்ததத் திருப்பிக் கேக்குறது என்ன பழக்கம்க்கா, அன்னிக்கு வேணாம்னுதான சாக்குல போட்டுக் குடுத்தீங்க என்றாள். சாக்கில் போட்டுத்தானே கொடுத்தேன். கொஞ்ச நாளுக்காவது என்றேன், பதிலுக்கு மடியில் வந்து உட்காருகிற நல்ல சேவல் ஒன்று தருகிறேன் என்றேன். அதாவது மாப்பிள்ளையைத் தருகிறேன் என்றேன், அதைச் சொல்லும்போது என் வாய் கசந்தது. உங்க மாப்பிள்ள எங்க கடைக்கு வேணாம்க்கா, மடியில உக்கார்ற சேவல வச்சுக்கிட்டு நான் எந்தத் திருடனப் புடிக்கிறது என்றாள். திரும்பி நடந்தேன். சாலை முனைவரை போய்விட்டேன், பின்னாலேயே கூப்பிட்டாள். சேவல் வராது, வேணும்னா உங்க கோழிங்க இங்க வந்து இருக்கட்டும், பழைய டயர் கூடுதான், எங்களுக்கு என்ன கஷ்டம் என்றாள்.

அந்த நாலு கரும்பழுப்புப் பெட்டைகளில் ஒன்று போன மழையில் போய்விட்டது, இன்னொன்று முட்டையை நிறுத்திவிட்டது, மிச்சம் இரண்டு. அந்த இரண்டையும் துணிக்கூடையில் வைத்து, அப்பாவின் வண்டியில் அவரே கொண்டுவிட்டார். வழியில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வண்டியை நிறுத்தவில்லை. முட்டி வலியோடு கியரை மிதித்துக்கொண்டே, வாலை மட்டும் படம் எடுக்கும்போதே எனக்குத் தெரியும், நீயா சொல்லுவேன்னு பாத்தேன் என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலை முடிந்து இப்போது தினமும் அந்தக் கடைக்குப் போகிறேன், தீவனம் நம் செலவு, முட்டை எடுத்து வருகிறேன். ஆனால் இப்போதைக்கு வருகிற முட்டைகளை அடை வைக்க முடியாது. சேவலை மாற்றினாலும் பழைய சேவலின் வித்து பெட்டைக்குள் இரண்டு மூன்று வாரம் தங்கும் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய். பொறுத்திருந்து, அதற்குப் பின் வருகிறதை மட்டும் வைக்கப் போகிறேன். அதில் ஒன்றுகூடக் கூடைக்குப் போகாது. குஞ்சு பொரிக்க மூன்று வாரம், கொண்டை தெரிய இன்னும் சில வாரம், பெட்டையாகி முதல் முட்டை இட அரை வருடத்துக்கு மேல். அந்த இரண்டு பெட்டைகளுக்கும் வயதாகிவிட்டது, எத்தனை முட்டை கிடைக்கும், அதில் எத்தனை சேவலாகப் போகும் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் சரியாக நடந்தாலும் கிட்டத்தட்ட ஒரு வருடம் சிட்டு. நடக்காமலும் போகலாம். நம்பிக்கையாகச் சொல்லும் யோக்கியதை எனக்கு இப்போது இல்லை.

இங்கே இன்று இருப்பது இவ்வளவுதான். பழுப்பு முட்டை இடுகிற பெட்டைகள், அவற்றை வைத்து நம் வீட்டுச் செலவுக்கு முட்டை ஆகும், பிழைப்பு ஆகாது. முட்டையை நிறுத்திவிட்ட டீச்சரும் வாயாடியும். அழகான, ஒன்றுக்கும் உதவாத ஒரு மாப்பிள்ளை, அவன் மேல் எனக்கு இப்போதும் கோபம் வரவில்லை, படியில் வந்து உட்கார்ந்தால் தோலைப் போடுகிறேன், அவன் யாரையும் ஏமாற்றவில்லை. அப்புறம் நாங்கள் இரண்டு பேர். நீ எதை நம்பி வேலையை விடப் போனாயோ அது இங்கே இல்லை. அதனால் வேலையை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிடு. நான்தான் சொல்கிறேன். இந்த வரியை எழுதுவதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதினேன், எழுதிவிட்டு அடிக்கவும் இல்லை. இன்னொரு வருடம் அந்தக் குளிரில், அந்த மேற்பார்வையாளரிடம், நான் செய்த காரியத்துக்கு நீ நின்று கஷ்டப்படப் போகிறாய் என்று தெரிந்துதான் சொல்கிறேன். அப்படி இல்லை, போதும், எனக்கு உடம்பும் மனதும் தாங்கவில்லை, முட்டை என்ன நிறமாக இருந்தாலும் வருகிறேன் என்றால் வா, வேறு ஏதாவது வேலை தேடிக்கொள்ளலாம், நான் ஒரு கேள்வி கேட்க மாட்டேன். ஆனால் என் பக்கத்திலிருந்து வா என்ற சொல் இந்தக் கடிதத்தில் இதற்கு மேல் வராது. அந்தச் சொல்லை நான் தப்பாகப் பயன்படுத்திவிட்டேன். நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் இருப்பது தெரிந்து எடுத்ததாக இருக்கட்டும்.

கோபம் வரும். வரட்டும், அடக்காதே. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசாமல் இரு, ஆனால் திட்டுவதானால் அப்பா மூலமாகச் சொல்லி அனுப்பாதே, அவர் பாதியைக் குறைத்துத்தான் சொல்வார். எனக்கே கூப்பிட்டுத் திட்டு, முழுதாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நீ நின்ற இடத்தில் உன் கால் ஊன்றட்டும், தொட்டது துலங்கட்டும், உன்னைப் படுத்துகிறவர்களுக்கும் நல்ல புத்தி வரட்டும். பத்திரமாக இரு கண்ணே. அந்தக் கிடங்குக்குப் போகும்போது இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொள், ஒன்று போதும் என்று நினைக்காதே. மாதக் கடைசி சனிக்கிழமையில் வருகிறது, உங்கள் ஆபீஸ் சனிக்கிழமை திறக்காது என்று சொல்லியிருக்கிறாய், கையெழுத்து விஷயத்தை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடு.

உன் மன்னிப்பை இப்போதே கேட்காமல் காத்திருக்கும்,
அம்மா